தொண்டை வலிக்கு மெடிக்கலில் கிடைப்பவை: எது காசுக்குத் தகும், எது தகாது

எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப் படியேறினால் எதிரே எடுத்து வைக்கப்படுவது ஏழெட்டு வகைச் சரக்கு. சப்பும் மாத்திரை, கொப்பளிக்கும் மருந்து, காய்ச்சல் மாத்திரை, இருமல் டானிக், போதாததற்கு பேப்பர் கவரில் போட்டுத் தரும் ‘செட்’. பக்கத்துத் தெரு நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தையும் அதிமதுரமும் காத்திருக்கின்றன. இவற்றில் எது வலியைக் குறைக்கும், எது வாய்க்கு மணம் மட்டும் தரும், எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பார்ப்போம்.

அதற்கு முன் அளவுகோல் ஒன்று வேண்டும். பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மருந்தே எடுக்காமல் விட்டாலும் பத்தில் நான்கு பேருக்கு மூன்றாம் நாளிலும், பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு வாரத்திலும் வலி போய்விடும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் பெரும்பாலும் உச்சம். கூடவே வரும் இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். அதை வைத்துத் தொண்டை இன்னும் ஆறவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் கடைக்குப் போகிறார்கள். அன்று எதைத் தின்றாலும் மறுநாள் வலி குறையத்தான் போகிறது. கடைசியாகச் சாப்பிட்டதற்கு நல்ல பெயர் வந்துவிடுகிறது. “எனக்கு அந்த மாத்திரைதான் கேட்கும்” என்று அடித்துச் சொல்கிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். அதனால் ‘குணமாக்கியதா’ என்ற கேள்வியை இங்கே கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் நிம்மதியாக விழுங்க முடிந்தது, அதற்கு என்ன விலை, என்ன ஆபத்து என்பதுதான் கேள்வி.

அந்தக் கணக்கில் முதலிடம் சாதாரண பாரசிட்டமாலுக்கு. டோலோ 650 ஆனாலும் கால்பால் ஆனாலும் உள்ளே இருப்பது ஒன்றே. ஒரு மாத்திரை இரண்டு ரூபாய் சுமாருக்கு முடிந்துவிடும். தொண்டை வலிக்கு இது உதவாது, காய்ச்சலுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் நிறைய. உண்மையில் விழுங்கும் வலியைக் குறைப்பதில் கடையில் இருக்கும் பாதிச் சரக்கு இதற்குப் பக்கத்தில் வராது. பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை. எந்த வகையில் எடுத்தாலும் 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தினம் குடிப்பவர்கள், உடல் மெலிந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் நேரக் கோளாறுதான் இருக்கும். தாங்க முடியாத வலி வந்த பிறகு ஒன்று, மறுபடி தாங்க முடியாமல் போகும்போது ஒன்று என்று போட்டால் நாள் முழுக்க வலியின் பின்னால் ஓட வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாள் மணிக் கணக்கு வைத்துப் போடுவது நல்லது. மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டால் அந்த வேளை இட்லியாவது இறங்கும். பாரசிட்டமாலுக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இன்னொரு கோளாறு ஆபத்தானது. ஜலதோஷத்துக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகளின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் பாரசிட்டமால் 325 அல்லது 500 மி.கி என்று பெரும்பாலானவற்றில் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் ஒரே மருந்தை விழுங்கிவிட்டு, கல்லீரலைச் சோதனைக்கு உள்ளாக்குகிறவர்கள் உண்டு.

இபுப்ரோஃபென் தொண்டை வீக்கத்துக்கு இன்னும் நன்றாகவே கேட்கும். 400 மி.கி, சாப்பாட்டுக்குப் பின், ஒரு நாளைக்கு மூன்று முறை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், காய்ச்சலோடு உடம்பு வலியும் சேர்ந்திருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை அதைத் தொடக் கூடாது. ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கிடையவே கிடையாது. நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011லேயே தடை செய்யப்பட்டது. வீட்டில் கிடக்கும் பழைய அட்டையிலிருந்து பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அடுத்து சப்பும் மாத்திரைகள். ஸ்ட்ரெப்சில்ஸ் அட்டையில் இருப்பவை 2,4-டைகுளோரோபென்சைல் ஆல்கஹால் 1.2 மி.கி, அமைல்மெட்டாகிரசால் 0.6 மி.கி. வேறு கம்பெனி லாசெஞ்சுகள் பலவற்றிலும் இதே ஜோடிதான். கிருமிநாசினி என்று போட்டிருந்தாலும் இதன் உண்மையான பயன், தொண்டையை லேசாக மரக்கச் செய்வது. வெறும் இனிப்பு மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளில் இது சில நிமிடத்தில் வலியைக் குறைத்து, இரண்டு மணி நேரம் வரை அந்தக் குறைவைத் தக்கவைத்திருக்கிறது. பெரிய நிவாரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் மீட்டிங்கில் பேச வேண்டும், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும் என்றால் நாலைந்து ரூபாய் கொடுக்கத் தகும்.

பிரச்சினை சப்பும் விதத்தில். கடித்து நொறுக்கினால் அரை நிமிடத்தில் வயிற்றுக்குப் போய்விடும், தொண்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. நாக்கின் பின்பக்கம் ஒதுக்கி, பக்கம் மாற்றி மாற்றி, தானாகக் கரைய விட வேண்டும். கரைந்த உடனே காபி குடித்தால் கொடுத்த காசு டம்ளரோடு போச்சு. கால் மணி நேரமாவது பொறுக்கவும். இரண்டு மூன்று மணிக்கு ஒன்று போதும். சாதாரண வகையில் ஒவ்வொன்றிலும் இரண்டரை கிராம் அளவுக்கு சர்க்கரை. ஒரு நாளைக்கு எட்டு சப்பினால் நான்கு டீஸ்பூன் சர்க்கரை ஆயிற்று. சுகர் உள்ளவர்கள் சர்க்கரை இல்லாத வகையைக் கேட்டு வாங்கலாம். அதிலும் ஐசோமால்ட், மால்டிடால் இருப்பதால் அளவு மீறினால் வயிறு இளகும். ஆறு வயதுக்குக் கீழே எந்த லாசெஞ்சும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும்.

விக்ஸ், ஹால்ஸ் வகையறா மெந்தால் கலந்தவை. மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்த மாதிரி, தொண்டை சில்லிட்ட மாதிரி இருக்கும். இருக்கும் அவ்வளவுதான். பாதி வேலையைச் செய்வது எச்சில்தான்: எதைச் சப்பினாலும் எச்சில் ஊறும், ஊறினால் வறண்ட தொண்டை நனையும். அந்தக் கணக்கில் ஒரு துண்டு பனங்கற்கண்டும் மோசமில்லை. ஒரு ரூபாய்க்கு விற்கும் மெந்தால் மிட்டாயை மிட்டாயாக நினைத்து வாங்கினால் ஏமாற்றமில்லை.

கொப்பளிப்பதில்தான் அதிகம் செலவழித்து குறைவாகப் பெறுகிறோம். பெட்டாடின் கார்கிள் 2 சதவீத போவிடோன் அயோடின். சம அளவு வெதுவெதுப்பான நீர் கலந்து, மொத்தம் 10 மில்லி அளவுக்கு வாயில் விட்டு, அரை நிமிடம் கொப்பளித்து, துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. வாய்க்குள் கிருமியைக் கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வைரஸ் ஏற்கெனவே திசுவுக்குள் புகுந்துவிட்டது. மேலே பூசுவதால் வலி நாட்கள் குறையும் என்று நம்ப வலுவான ஆதாரம் இல்லை. தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இவர்களுக்கு இது கூடாது. கவுன்ட்டரில் பாட்டிலை நீட்டும்போது “தைராய்டு இருக்கா?” என்று கேட்கிற கடைகள் அபூர்வம். ஜப்பானில் 2002-2003 குளிர்காலத்தில் 387 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது: வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்கு ஜலதோஷம் வருவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, போவிடோன் அயோடினில் கொப்பளித்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அது வராமல் தடுப்பது பற்றிய ஆய்வுதான், வந்த வலியைப் பற்றியது அல்ல. இருந்தாலும் பாட்டில் வாங்கும் முன் யோசிக்க வைக்கும் முடிவு.

காசு கொடுத்துத்தான் கொப்பளிப்பேன் என்பவர்களுக்கு பென்சிடமின் 0.15 சதவீதக் கரைசல் மேல். டான்டம் என்ற பெயரில் கிடைக்கும். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்து என்பதால் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. 15 மில்லி எடுத்துக் கொப்பளித்துத் துப்பினால் வாய் மரத்தாற்போல் ஆகி, அதன் பிறகு சாப்பிட வசதியாக இருக்கும். தொண்டை ரணமாக இருந்தால் முதல் சில வினாடி காந்தும். அப்போது பாதி தண்ணீர் கலந்துகொள்ளலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். பல் டாக்டர் எப்போதோ எழுதித்தந்த குளோர்ஹெக்சிடின் பாட்டில் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள்: அது ஈறுக்கானது. சில நாள் தொடர்ந்தால் பல் பழுப்பாகும், நாக்கு ருசி மாறும்.

இவ்வளவையும் தாண்டி நிற்பது உப்புத் தண்ணீர். அதையும் பலர் கெடுத்துத்தான் செய்கிறார்கள். 200 மில்லி டம்ளர் நிறைய வெதுவெதுப்பான நீர், அரை டீஸ்பூன் தூள் உப்பு, தலை தட்டி. அது இரண்டரை முதல் மூன்று கிராம் வரும். நம் உடம்பு நீரின் உப்பைவிடச் சற்றே கூடுதல். வீங்கிய சவ்விலிருந்து கொஞ்சம் நீரை இழுக்கவும் ஒட்டியிருக்கும் சளியை இளக்கவும் அது போதும். ‘கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் சீக்கிரம் ஆறும்’ என்று ஒரு ஸ்பூன் குவித்துப் போட்டால் ரணத்தில் எரியும், குமட்டும், தொண்டை இன்னும் வறளும். கல் உப்பு போட்டால் முழுக்கக் கரைந்த பிறகு அடியில் தங்கும் மண்ணை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். சூடு, மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சுடாத அளவு. கொதிநீரில் கொப்பளித்து உள்நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டு, ‘வலி கூடிவிட்டது’ என்று மறுநாள் வருகிறவர்கள் உண்டு.

ஒரு வாய் எடுத்து, தலையை அண்ணாந்து, ‘ஆ’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே அரை நிமிடம். சத்தம் கொடுக்கும்போதுதான் தண்ணீர் உள்நாக்கு தாண்டி டான்சில் வரை புரளும்; வாயைக் கொப்பளிப்பது போல் கன்னத்துக்குள் குலுக்கினால் ஈறுதான் சுத்தமாகும். டம்ளர் தீரும்வரை மூன்று நான்கு வாய், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. மஞ்சள்தூள் போடுவதால் கெடுதலில்லை. ஆனால் அது தண்ணீரில் கரையாது, துகள் தொண்டையில் ஒட்டி இருமலைக் கிளப்பும், சட்டைக் காலரில் கறை வேறு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் விழுங்காமல் துப்புவதில் கவனம் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, குடித்துவிடும், வற்புறுத்த வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடைப் பக்கம் வருவோம். சித்தரத்தையை நகக்கண் அளவு நறுக்கி வாயில் அடக்கிக்கொள்வது பழைய வழக்கம். காரமும் எச்சிலும் சேர்ந்து கரகரப்பை அடக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதிமதுரம் சற்று வேறு. அறுவைச் சிகிச்சையில் மூச்சுக்குழாயில் டியூப் வைப்பதற்கு முன் அதிமதுர நீரால் கொப்பளிக்கச் சொன்னபோது, பிறகு வரும் தொண்டை வலி குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. வைரஸ் தொண்டைக்கு அதை அப்படியே ஒட்ட வைக்க முடியாது என்றாலும், முயன்று பார்க்கத் தக்க பொருள். ஆனால் அதன் இனிப்பைத் தரும் கிளிசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ எடுக்கிறவர்கள் அதை வாரக்கணக்கில் மெல்லக் கூடாது. வாங்கினால் பொடியாக வாங்காமல் வேராக வாங்குங்கள். உள்ளே மஞ்சளாக, நார்நாராக, கடித்ததும் இனிக்க வேண்டும். கருத்தோ பூசணம் பூத்தோ இருந்தால் வேண்டாம். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

மிளகு, பனங்கற்கண்டு போட்ட பால், துளசி கஷாயம், சுக்குக் காபி எல்லாம் சூடான திரவம் என்ற அளவில் நல்லவை. தேனும் அப்படியே, இருமலுக்குக் கூடுதலாகவே உதவும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். குளிர்ச்சி ஆகாது என்ற தடை வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் டான்சில் ஆபரேஷன் செய்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஐஸ்கிரீம்தான். குளிர்ச்சி வலியை மரக்கச் செய்யும். வைரஸ் காய்ச்சலில் சாப்பிட மறுக்கும் குழந்தை ஜில்லென்ற தயிரையாவது விழுங்கினால் அது லாபமே. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு ஆறுதல் தரலாம், தொண்டைக்குப் பெரிய பயன் இல்லை. குழந்தையைக் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேல் குனிய வைப்பதை விட்டுவிடலாம்; வெந்து போன முகத்தோடு தீக்காய வார்டுக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

இனி அந்தப் பேப்பர் கவர். “தொண்டை வலி, காய்ச்சல், மூணு வேளைக்குக் குடுங்க” என்றால் கத்தரிக்கோல் எடுத்து அட்டைகளை வெட்டி, வேளைக்கு நான்கைந்து என்று போட்டுத் தருவார்கள். பொதுவாக உள்ளே இருப்பவை: ஒரு ஆன்டிபயாட்டிக், ஒரு பாரசிட்டமால், ஒரு செட்ரிசின், ஒரு ‘கேஸ் மாத்திரை’, அப்புறம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டி பெரும்பாலும் ஸ்டீராய்டு: டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன். செட் ‘கேட்பதற்கு’ இதுதான் காரணம். ஸ்டீராய்டு ஒரே ஒரு டோஸ் எடுத்தாலே தொண்டை வலி சீக்கிரம் தணியும் என்பது ஆய்வில் நிறுவப்பட்ட உண்மை. கடும் வலிக்கு டாக்டர்கள் அளந்து, ஒருமுறை கொடுப்பதும் உண்டு. அளக்காமல், சுகர் இருக்கிறதா என்று கேட்காமல், மூன்று வேளையும் கொடுப்பது வேறு விஷயம். சுகர் உள்ளவருக்கு அன்று ராத்திரியே 300 தாண்டலாம். உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருந்தால் வலியை மறைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடும்.

செட்ரிசின் தும்மலுக்குச் சரி. தொண்டையை இன்னும் வறளச் செய்யும். ஆன்டிபயாட்டிக் இரண்டோ மூன்றோ வேளைக்கு மட்டும். பாக்டீரியா தொற்றே இருந்தாலும் அந்த அளவு எதற்கும் போதாது. இல்லாதபோது தேவையே இல்லை. வெட்டிய துண்டில் பெயரோ எக்ஸ்பயரி தேதியோ பேட்ச் எண்ணோ இருக்காது. நாளை உடம்பெங்கும் தடித்துப் போனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இந்த மதிப்பீட்டில் ‘வாங்கவே வேண்டாம்’ என்று தயங்காமல் சொல்வது இதை ஒன்றைத்தான். ஏற்கெனவே கையில் வந்துவிட்டால் முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இடதுபக்கம் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.

ஆன்டிபயாட்டிக் எப்போது வேண்டும் என்ற கேள்விக்கு டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். இருமல் இல்லாமை. தாடைக்குக் கீழே முன்கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி. டான்சில் வீங்கி மேலே வெள்ளைப் படலம் அல்லது சீழ்ப் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 3 முதல் 14 வயது என்றால் ஒன்று கூட்டு, 45 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று கழி. ஒன்றோ அதற்குக் கீழோ வந்தால் ஆன்டிபயாட்டிக் பேச்சே வேண்டாம். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) என்ற பாக்டீரியா மீது சந்தேகம், பரிசோதிக்கலாம். மூக்கொழுகல், குரல் கம்மல், இருமல், கண் சிவப்பு சேர்ந்து இருந்தால் அது வைரஸ் பக்கம்தான். பெரியவர்களில் நூறில் 5 முதல் 15 பேருக்கும், பிள்ளைகளில் 20 முதல் 30 பேருக்கும்தான் தொண்டை வலிக்குக் காரணம் அந்தப் பாக்டீரியா.

லேபில் கொடுக்கும் பணத்தையும் இங்கே மதிப்பிட்டாக வேண்டும். ஏ.எஸ்.ஓ ரத்தப் பரிசோதனையை இன்றைய தொண்டை வலிக்கு எடுப்பது வீண். அது பழைய தொற்றுக்கு உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை அளப்பது; ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் ஏறும். கூடுதலாக வந்தால் போன மாதத்துத் தொற்றாக இருக்கலாம், குறைவாக வந்தால் இன்றைய தொற்றை விலக்கவும் முடியாது. பணம் கொடுக்கத் தக்கது தொண்டை ஸ்வாப் கல்ச்சர்: டான்சிலிலும் பின்சுவரிலும் பஞ்சுக் குச்சியை நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும், முடிவு வர ஒன்றிரண்டு நாள். நாக்கைத் தொட்டு எடுத்தால் அர்த்தமில்லை. குமட்டல் வராமல் எடுத்த ஸ்வாப் சரியாக எடுத்ததா என்று கேட்கலாம். ரேப்பிட் டெஸ்ட் சில நிமிடத்தில் சொல்லும், எல்லா லேபிலும் கிடைக்காது.

முடிவு வரும்வரை காத்திருந்தால் ஆபத்தில்லையா? ஸ்ட்ரெப் தொண்டைக்குப் பின் வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளை அதிகம் தாக்கும். இந்தியாவில் அது இன்னும் ஒழியவில்லை. ஆனால் தொண்டை வலி தொடங்கிய 9 நாளுக்குள் சரியான ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் அதைத் தடுக்க முடியும். இரண்டு நாள் கல்ச்சருக்காகக் காத்திருப்பதால் எதுவும் கைவிட்டுப் போகாது. ஸ்ட்ரெப் உறுதியானால் முதல் மருந்து பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், பத்து நாள் முழுக்க. பிள்ளைகளுக்கு அமாக்சிசிலின் கிலோவுக்கு 50 மி.கி, நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1 கிராம். மூன்று நாளில் வலி போய்விடும், சிரப் பாட்டில் பாதியோடு ஃபிரிட்ஜில் நின்றுவிடும். அங்கேதான் தவறு நடக்கிறது. மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகி, காய்ச்சலும் விட்டால் ஸ்கூலுக்கு அனுப்பலாம்.

கடைக்காரர்களின் செல்லப்பிள்ளை அசித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை அட்டை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான மாற்று அது, முதல் தேர்வு அல்ல. அதை எதிர்த்து நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் உண்டு. பாக்டீரியா, வைரஸ் என்று பிரிக்காமல் எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைக் கூட்டிக் கணக்கிட்டபோது மிச்சமானது சராசரியாக 16 மணி நேரம். அதற்கு விலையாக வயிற்றுப்போக்கு. இன்னொன்று: பதின்வயதுப் பிள்ளைக்கு டான்சில் முழுக்க வெள்ளை, கழுத்தின் பின்பக்கமும் கட்டி, அளவு கடந்த சோர்வு, இரண்டாம் வாரமும் வலி குறையவில்லை என்றால் எப்ஸ்டீன்-பார் (இ.பி.) வைரஸ் காரணமாக இருக்கலாம். அதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெங்கும் சிவந்து தடிக்கும். பிறகு வாழ்நாள் முழுக்க ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று தவறாக எழுதிவைப்பார்கள்.

குழந்தைகளின் இருமல், ஜலதோஷ சிரப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: தொண்டை வலிக்கு அவற்றில் ஒன்றுமில்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்தபோது மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது, இரண்டு வயதுக்குக் கீழே இவற்றை எழுதவே வேண்டாம், ஐந்துக்குக் கீழே பொதுவாகத் தவிர்க்கலாம் என்பது. பாரசிட்டமால் சிரப் மட்டும் போதும், எடைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி, அதாவது 5 மில்லியில் 120 உள்ள பாட்டிலில் ஆறேகால் மில்லி. 5 மில்லியில் 250 உள்ள பாட்டிலில் 3 மில்லி. இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சொட்டு மருந்தோ ஒரே மில்லியில் 100. சிரப் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிவிடுவது வீட்டில் நடக்கும் பெரிய தவறு. டீஸ்பூனைத் தூர வைத்துவிட்டு அளவு சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள், ஐந்தாறு ரூபாய்தான். நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை, நாளைக்கு நான்கு டோஸுக்கு மேல் வேண்டாம்.

கடையையே தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களும் உண்டு. வாயை இரண்டு விரல் அளவுக்குத் திறக்க முடியவில்லை, வாயில் சுடுசோறு வைத்துப் பேசுவது போல் குரல், வலி ஒரே பக்கம், எச்சில் வழிகிறது: டான்சிலுக்குப் பின் சீழ் கட்டியிருக்கலாம், அதை ஊசியால் எடுத்தாக வேண்டும். மூச்சிழுக்கும்போது சீட்டி அடிக்கிற சத்தத்தோடு குழந்தை முன்னால் குனிந்து உட்கார்ந்தால் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கக் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது. தூக்கிக்கொண்டு 108க்குச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் படலம் தொண்டையில் ஒட்டிக்கிடந்து, கழுத்து இருபக்கமும் வீங்கினால் தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 5-6 வயது டி.பி.டி, 10, 16 வயது டெட்டனஸ்-டிப்தீரியா (Td) ஊசிகள் விடுபட்டதா என்று டாக்டர் முதலில் கேட்பார்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கு கார்பிமசோல் எடுக்கிறவர்களுக்கு ஒரு விதி தனியாக உண்டு. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் எந்த லாசெஞ்சும் வாங்கிக்கொண்டிருக்காமல் அன்றே ரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும், பார்க்கும்வரை அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் பேச வேண்டும். அந்த மருந்து அபூர்வமாக வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும், முதல் அறிகுறி தொண்டையில்தான் தெரியும். மெத்தோட்ரெக்சேட், குளோசபின், கீமோ எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

பத்து நாள் தாண்டியும் வலி இருந்தால் வைரஸ் கணக்கு பெரும்பாலும் முடிந்தது. காலையில் எழுந்ததும் கரகரப்பு, புளித்த ஏப்பம் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டியவர்கள், அதிலும் பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள், விழுங்கும்போது ஒரே இடத்தில் சிக்குவதாகவோ காதுக்குள் வலி குத்துவதாகவோ உணர்பவர்கள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் குரல்வளையைக் கேமராவில் பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். பழைய சீட்டுகளையும் சாப்பிட்ட மாத்திரைகளின் முழு அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.